ஆகாஷ் வாங்கலாமா? பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு வாக்குவாதம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து நமது கேள்வி-பதில் பகுதிக்கு 2012-ல் வந்த அஞ்சல் அட்டையில் நான்கே வரிகள். ‘மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். 2,500 ரூபாய்க்கு ஆகாஷ் என்று சிலேட்டு மாதிரி கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம், வாங்கித் தரச் சொல்கிறாள். மீன் இருக்கும் இடத்தையும் அது காட்டும் என்கிறார்கள். வாங்கலாமா?’

வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இதே கேள்வி பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து நெல் விவசாயி வீட்டிலும் இருந்தது. 2012-ல் ஏப்ரல் 15 முதல் மே 29 வரை 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருந்தது. அதற்கு அரசு ஒரு மீனவக் குடும்பத்துக்குத் தந்த நிவாரணம் 2,000 ரூபாய். ஆகாஷின் விலை அதைவிட 500 ரூபாய் அதிகமாக இருந்தது. இந்த ஒரு கணக்குக்காகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

குப்பத்துத் திண்ணையில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது.

“எல்லாப் புக்கும் அதுலயே அடங்கிடும் நைனா. பாடம் நடத்துற வீடியோகூடப் பாக்கலாம்.”

“அது சரிம்மா. உப்புத் தண்ணி பட்டா என்னா ஆவும்?”

“நான் என்னா அத்த ஏரிக்கா எடுத்துட்டுப் போவப் போறேன்?”

“உங்க அண்ணன் எடுத்துட்டுப் போவான். மீனு எங்க இருக்குதுன்னு பாக்குறேன்னு படகுல வெச்சிட்டுப் போவான். அப்புறம் உனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல.”

வலை பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டி, வலை நூலுக்கே வியாபாரியிடம் கை நீட்டுகிற நேரத்தில் இது எதற்கு என்று முடித்துவைப்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகாஷ் என்பது என்ன?

2011 அக்டோபர் 5-ம் தேதி டெல்லியில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் இதை வெளியிட்டார். அன்று 500 மாணவர்களுக்குக் கையில் கொடுத்தார்கள். டேட்டாவிண்ட் என்ற நிறுவனத்திடம் அரசு வாங்கிய விலை சுமார் 2,276 ரூபாய். மாணவர்களுக்கு மானியம் போக 35 டாலருக்குக் கிடைக்கும் என்றார்கள். அன்றைய கணக்கில் 1,750 ரூபாய்க்குள். உலகிலேயே மிக மலிவான டேப்லெட் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. டிசம்பரில் பொதுமக்களுக்கு 2,500 ரூபாய்க்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியது. சிம் போடும் வசதி, கொஞ்சம் வேகமான சில்லு, கூடுதல் பேட்டரி கொண்ட யூபிஸ்லேட் 7+ என்ற அடுத்த வகையின் விலை 2,999 ரூபாயாக இருந்தது. இதற்குள் பி.எஸ்.என்.எல். பெயரில் பென்டா டேப்லெட் 3,250 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஆக, கடைக்குப் போனால் ‘ஆகாஷ்’ என்ற பேரில் யார் எதைக் காட்டுகிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

2,500 ரூபாய் ஆகாஷில் இருந்தது: 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 எம்.பி. நினைவகம், 2 ஜி.பி. சேமிப்பிடம், ஆண்ட்ராய்டு 2.2, பென் டிரைவ் செருக இரண்டு துளைகள். இல்லாதது: சிம் கார்டு, கேமரா. வைஃபை இருக்கிற இடத்தில்தான் இணையம் வரும். அன்றைய பழவேற்காட்டுக் குப்பத்தில் வைஃபைக்கு எங்கே போவது? வைஃபை இல்லாவிட்டால் அது படமும் பாட்டும் ஓடுகிற, புத்தகம் படிக்கிற பெட்டி மட்டும்தான்.

கேமரா இல்லாததை விவசாயிகள் கவனிக்க வேண்டும். நெல்லில் இலைச் சுருட்டுப்புழுவா, தண்டுத்துளைப்பானா என்று தெரியாதபோது இலையைப் படம் எடுத்து வேளாண் அலுவலகத்துக்கு அனுப்பலாம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஆகாஷில் அது முடியாது. பட்ட இலையையும் தூரையும் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் அப்போதைக்கு வழியாக இருந்தது. படத்தைவிட அதுவே மேல் என்பதையும் சொல்லிவிடலாம். தண்டைப் பிளந்து பார்க்கப் படத்தில் வழியில்லை.

திரையைப் பற்றி நகரத்துக்காரர்கள் நிறையக் குறை சொன்னார்கள். விலையுயர்ந்த கைபேசிபோல் தொட்டவுடன் வேலை செய்யாது, நகத்தால் அழுத்த வேண்டும். ஆனால் மீனவர் வீட்டில் இந்தக் குறையே கொஞ்சம் வசதி. தொட்டால் வேலை செய்யும் திரை ஈரக் கையில் திணறும். அழுத்தினால் வேலை செய்யும் திரை ஈரக் கை, செதில் ஒட்டிய கை எதையும் பார்க்காது. மற்றபடி உச்சி வெயிலில் படகில் வைத்துப் பார்த்தால் எழுத்துத் தெரியாது. உப்புக் காற்று பென் டிரைவ் துளைக்குள் புகுந்தால் சில மாதத்தில் பச்சை பூத்துவிடும். எப்.எம். ரேடியோவையே பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் ஊர் இது.

சோதனையைப் பற்றியும் ஒரு சண்டை நடந்திருக்கிறது. திட்டத்தைக் கவனித்த ராஜஸ்தான் ஐ.ஐ.டி., கீழே விழுந்தாலும் மழையில் நனைந்தாலும் தாங்க வேண்டும் என்று கடுமையான சோதனைகளைக் கேட்டது. அந்த விலைக்கு அப்படித் தர முடியாது என்பது நிறுவனத்தின் வாதம். வேகம், அழகு பற்றிய விமர்சனங்களை விட்டுவிடலாம். கிராமத்துக்கு வேண்டியது அந்த மழைச் சோதனைதான்.

தமிழ் தெரியுமா?

டெல்லியிலும் பெங்களூரிலும் ஆகாஷைப் பிரித்து மேய்ந்தவர்கள் அதிகம் பேசாத விஷயம் இது. ஆண்ட்ராய்டு 2.2-லும் 2.3-லும் தமிழ் எழுத்து தானாக வராது. தமிழ் இணையதளத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழில் நடத்தும் வேளாண் தகவல் தளத்தில் நெல் முதல் கூண்டில் மீன் வளர்ப்பு வரை அருமையான தகவல்கள் இருக்கின்றன. 2,500 ரூபாய் கொடுத்து அதைக் கட்டங்களாகப் பார்ப்பதில் என்ன பயன்?

இதற்குச் சுற்றுவழி உண்டு. பி.டி.எப். கோப்பாக இருந்தால் தமிழ் சரியாகத் தெரியும், ஏனென்றால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும். சமச்சீர் கல்விப் பாடப்புத்தகங்கள் பி.டி.எப். ஆகவே கிடைக்கின்றன. பள்ளியிலோ இணைய மையத்திலோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து ஆகாஷில் படிக்கலாம். படமாக இருந்தாலும் வீடியோவாக இருந்தாலும் சிக்கல் இல்லை. சிம் போடும் வகை வாங்கியவர்கள் ஓபரா மினி உலாவியில் எழுத்தைப் படமாகக் காட்டும் அமைப்பைப் போட்டுக்கொண்டு தமிழ்த் தளங்களைப் படித்தார்கள். எது வாங்கினாலும் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடலாம்.

அடுத்தது மின்சாரம். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. 2012 பிப்ரவரி கடைசியிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற ஊர்களுக்கு நான்கு மணி நேரம் என்று மின்வெட்டு அறிவித்தார்கள். அறிவிக்காமல் போனது தனிக்கணக்கு. வடசென்னை அனல் மின் நிலையம் இருப்பது இதே பொன்னேரி வட்டாரத்தில்தான். அதன் சாம்பலும் சுடுநீரும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தன, மின்சாரம் மட்டும் குப்பத்துக்கு வர யோசித்தது.

மீன் இருக்கும் இடத்தைக் காட்டுமா?

காட்டும் என்று கடைக்காரர் சொன்னால் பாதி உண்மை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், மீன் கூடும் வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கிறது. செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நிறத்தையும் பார்க்கும். நிறத்திலிருந்து தண்ணீரில் உள்ள நுண்பாசியின் அளவு தெரியும். நுண்பாசி மிகுந்த இடத்தில் அதைத் தின்னும் சிறு மீனும், அதைத் தின்னும் பெரிய மீனும் கூடும். எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை ஆழத்தில் என்று அறிவிப்பில் இருக்கும். தமிழிலும் வருகிறது. மேகம் மூடினால் அறிவிப்பு இல்லை, தடைக்காலத்திலும் இல்லை.

இதற்கான கடல் நிறத் தகவலைத் தந்த ஓஷன்சாட்-2 செயற்கைக்கோள் 2009 செப்டம்பர் 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. ஸ்ரீஹரிகோட்டா வேறெங்கும் இல்லை; பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு. ஆகாஷ் வெளியான அதே வாரத்தை அடுத்து, அக்டோபர் 12-ல், பருவமழையை ஆராயும் மேகா-ட்ரோபிக்ஸ் அங்கிருந்துதான் புறப்பட்டது. ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கம் வலை போடக்கூடாது என்ற தடை மட்டும் குப்பத்துக்குத் தவறாமல் வந்துசேர்கிறது. அந்த ராக்கெட் கொண்டுபோன செயற்கைக்கோள் சொல்லும் செய்தியும் அதே ஒழுங்கில் வர வேண்டும் என்று மீனவர்கள் கேட்பதில் தப்பில்லை.

ஆனால் இந்த அறிவிப்பு கடலுக்கு மட்டும். ஏரியில் தொழில் செய்பவருக்கு இதனால் பயனில்லை. பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணி ஆறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டு வருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் வருகிறது. இரண்டும் சரியாகக் கலந்தால்தான் இறாலும் மடவையும் பச்சை நண்டும் உண்டு. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டால் எல்லாம் கெடும். ஏரி மீனவர் காலையில் தெரிந்துகொள்ள விரும்புவது முகத்துவாரம் எப்படி இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, காற்று எது என்பதைத்தான். அதைச் செயற்கைக்கோள் சொல்லவில்லை, எதிரே வரும் படகுக்காரர் சொல்கிறார்.

இன்று யார் எங்கே வலை போடுவது என்பதையும் எந்தக் கருவியும் முடிவு செய்வதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் சுத்து வலைக்குப் பாடு முறை இருக்கிறது. நல்ல இடம், சுமாரான இடம் எல்லாம் குடும்பங்களுக்குள் முறை மாறி மாறி வரும். வாய்க்கால் பாசனத்தில் முறைத் தண்ணீர் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வெளியூர் ஆராய்ச்சியாளர்கள் வந்து எழுதிக்கொண்டு போகிற அளவுக்கு நேர்த்தியான ஏற்பாடு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடக்கிறது. ஏரிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கோ பறியைத் தவிர வேறு கருவிக்கு இடமே இல்லை.

இறால் விலை பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் இன்று என்ன விலை என்று டேப்லெட் சொல்லும், அதனால் வியாபாரி ஏமாற்ற முடியாது என்கிறார்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், சரக்கை அவருக்கேதான், அவர் சொல்லும் விலைக்குத்தான் போட வேண்டும். விலை தெரிந்தால் வயிற்றெரிச்சல் கூடும், அவ்வளவுதான். கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கிய நிலக்கடலை விவசாயிக்கும் இதே நிலை. முன்பணத்திலிருந்து விடுபடுகிற கடன் ஏற்பாடு முதலில் வர வேண்டும். அதற்குப் பிறகு விலைத் தகவல் உண்மையிலேயே காசாக மாறும்.

ஒலிபெருக்கி செய்த வேலை

கிராமத்துக்கு மலிவுக் கணினி என்பது புதிய கனவு அல்ல. 2000-களின் தொடக்கத்தில் பெங்களூரில் சிம்ப்யூட்டர் என்று கைக்கடக்கமான ஒன்றைச் செய்தார்கள். ஏழை எளியவர்களுக்காக என்று உலகமே பாராட்டியது, கடைசியில் விற்றது மிகக் குறைவு. பெரு நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடவில்லை என்று அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வு 2012-ல் சொன்னது. யோசிக்கும் திறன் ஓரளவு கூடியதாகவும் அதே ஆய்வு சொல்கிறது, அதையும் மறைக்கக்கூடாது.

நம் கடற்கரையிலேயே வேறு மாதிரி நடந்த கதை இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரம் பற்றிய தகவலை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழாக்கி, கரையில் கட்டிய ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊருக்கே ஒரு கணினி போதுமானதாக இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த, சிங்கப்பூரில் வேலை செய்த ஓர் இளைஞர், அங்கே தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் இருந்தவர்கள் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுனாமி வருவதற்குள் ஊர் வெளியேறிவிட்டது. ஆளுக்கொரு திரை இருந்திருந்தால் அந்த நேரத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்?

அதே நிறுவனம் 2012-ல் மீனவர்களுக்கான கைபேசிச் சேவையை, குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் ஆகியவற்றோடு சேர்ந்து நடத்தியது. அலை உயரம், காற்று வேகம், மீன் கூடும் பகுதி, சந்தை விலை எல்லாம் தமிழில் சாதாரணக் கைபேசியிலேயே வந்தது. கைபேசி சட்டைப் பையில் அடங்கும், நாள் கணக்கில் சார்ஜ் நிற்கும், ஆபத்தில் பேசவும் உதவும். கடலில் சிக்கினால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைக் கூப்பிட வேண்டும். ஆகாஷிலிருந்து கூப்பிட முடியாது. விவசாயிகளுக்கும் அப்படியே. கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள். 2012-ல் இப்கோ கிசான் சிம் வைத்திருந்தவர்களுக்குத் தகவல் குரலாகவே வந்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்பது அந்த வீடுகளில் கேட்டால் தெரியும்.

2,500 ரூபாய் கையில் இருந்து, படகுக்கு ஏதாவது வாங்குவது என்று முடிவு செய்தால் உயிர்காப்பு உடைதான் முதலில் வர வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்க இன்னும் நாளாகும். அந்தப் படகில் உயிர்காப்பு உடை இல்லை.

மகளுக்கு என்ன பதில்?

இவ்வளவையும் சொல்லி அந்தப் பெண்ணின் ஆசையைத் தட்டிவிடுவது நியாயமில்லை. பழவேற்காட்டிலிருந்து கல்லூரிக்குப் போவதென்றால் பொன்னேரிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அங்கே கூடப் படிக்கும் பிள்ளைகள் கணினியைச் சின்ன வயதிலேயே தொட்டிருப்பார்கள். அவளுக்கு அந்தப் பழக்கம் வேண்டும், இப்போதே வேண்டும். மூவரில் அவள் கேட்பதுதான் சரியான கேள்வி. வாங்கும் பொருள்தான் மாற வேண்டும்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2012-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்தவர்களுக்கும், கலை, பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் அது உண்டாக இருந்தது. 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. சேமிப்பிடம், தட்டச்சுப் பலகை, கேமரா, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தன. தமிழ் சுத்தமாகத் தெரிந்தது, தமிழில் தட்டச்சும் செய்ய முடிந்தது. அந்த ஜூனில் மகள் பிளஸ் டூ போகவிருந்தாள். பிளஸ் டூவுக்குப் போனதும் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதே வழியாக இருந்தது. கொடுப்பதில் தாமதம் ஆகியிருக்கலாம். ஆனாலும் 2,500 ரூபாய் கொடுத்து வாங்குவதைவிடப் பல மடங்கு நல்ல கருவி காசில்லாமல் வரவிருந்தபோது கடன் வாங்கி ஆகாஷுக்கு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

அதுவரைக்கு ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. பள்ளிக் கணினி அறையில் பாடப்புத்தகங்களை ஏற்றி வைத்துக்கொண்டிருக்கலாம். மடிக்கணினி வந்த அன்றே வேலைக்கு ஆகியிருக்கும்.

தனியார் பள்ளியில், கல்லூரியில் பிள்ளைகள் படித்த வீடுகளுக்கு இந்தப் பதில் பொருந்தவில்லை. அவர்கள் சிம் போடும் வகையையோ, கேமரா உள்ள வகையையோ பார்த்திருக்கலாம். ஆண்ட்ராய்டு 4.0 வந்த டேப்லெட்டுகளில் தமிழ் எழுத்துரு சேர்ந்தே இருந்தது. மலிவு விலையில் அவை வரும்வரை இரண்டு மூன்று மாதம் பொறுப்பது லாபமாக இருந்தது. எங்கே பழுது பார்ப்பார்கள் என்று ரசீதில் எழுதி வாங்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

படகுக்குப் போகும் அண்ணனுக்கு, தமிழில் தகவல் தரும் கைபேசிச் சேவையைப் பற்றி மீன்வளத் துறை ஆய்வாளரிடம் விசாரித்துப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். தடைக்காலத்துக்குள் முடித்துவிடலாம். பாட்டி கேட்ட வலை நூலையும் அந்தக் கையோடு வாங்கிவிடுங்கள்.